24 அடி வேகப் படகு: அடிச்சரிவா, எடையா, இயந்திரமா?

தீவுப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நெடுந்தீவைச் சேர்ந்தவன்; இப்போது யாழ்ப்பாண நகரில் வேலை பார்க்கிறேன். குறிகட்டுவானிலிருந்து எங்கள் தீவுக்குப் பயணிகள் படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கிறது என்பதும், சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிய நாட்களில் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளும் என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்ததே. நானும் என் மைத்துனரும் சேர்ந்து, 24 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள கண்ணாடியிழை வேகப் படகு ஒன்றைக் கட்டுவிக்க எண்ணியிருக்கிறோம். ஆறு பேர், அல்லது படுத்த நிலையில் ஒரு நோயாளியும் உடன் வரும் மூவரும் பயணம் செய்ய வேண்டும். வேகம் 25 நொட்டுக்கு (மணிக்குச் சுமார் 46 கிலோமீற்றர்) குறையக் கூடாது. 115 குதிரை வலுக் கொண்ட வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று கைக்கெட்டிய விலையில் வருகிறது.

படகு வார்க்கும் இடத்தில் 24 அடி அச்சு ஒன்று தயாராக இருக்கிறது. ஆனால் அது மீன்பிடிப் படகுக்கான அச்சு. பின்பகுதியில் அடித்தளம் கிட்டத்தட்டத் தட்டை. "இயந்திரம் பெரிதாக இருந்தால் எந்தப் படகும் பறக்கும்" என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். வேறொருவரோ ஆழமான வீ வடிவ அடித்தளம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்கிறார். இரண்டில் எதைக் கேட்பது? கடன் எடுத்துச் செய்யும் வேலை என்பதால் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எஞ்சின் திருத்துநர் எழுதியது:

தம்பி, இயந்திரத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். வேகப் படகுகளுக்குக் குரோச் சூத்திரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மொத்த எடையை இறாத்தலில் எடுத்து, குதிரை வலுவால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் ஒரு மாறிலியை வகுத்தால் வேகம் நொட்டில் வரும். சாதாரண ஓட்டப் படகுக்கு அந்த மாறிலி 150. மிக இலேசான, நன்றாக வடிவமைத்த வேகப் படகுக்கு 190. உங்கள் உடற்பகுதி 900 கிலோ, இயந்திரம் 175 கிலோ, எரிபொருள் 150 கிலோ, ஆட்கள் ஆறு பேரும் 450 கிலோ, நங்கூரம், மின்கலம் முதலியவை 100 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1775 கிலோ, அதாவது சுமார் 3900 இறாத்தல். 115 குதிரை வலுவுக்கு மாறிலி 150 என்றால் 25 நொட்டைச் சற்றுத் தாண்டும். 170 என்றால் 29 வரை போகும். ஆகவே இயந்திரம் போதும். அதற்கு மேல் குதிரை வலு தேடுவது காசைக் கடலில் கொட்டுவது.

வாடைக்காற்று எழுதியது:

மேலே உள்ள கணக்குச் சரியானது. ஆனால் அந்தச் சூத்திரம் தட்டையான கடலில் எவ்வளவு வேகம் வரும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வேகத்தைப் படகுக்குள் இருப்பவரின் முதுகெலும்பு தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. நோயாளியை ஏற்றப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவது.

படகு மெதுவாகப் போகும்போது அதன் எடையை நீரின் மிதப்புவிசை தாங்குகிறது. நீர்க்கோட்டு நீளம் 21 அடி உள்ள படகு, தானே எழுப்பும் அலையை ஏற முடியாமல் 6 நொட் அளவில் திணறத் தொடங்கும். அதற்கு மேல் வலுவைக் கூட்டினால் அணியம், அதாவது படகின் முன்முனை, மேலெழுந்து, பின்புறம் தாழ்ந்து, ஒரு மேட்டைத் தாண்டிய பிறகே படகு நீரின் மேல் சறுக்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்துக்குப் பின் எடையின் பெரும்பகுதியை, அடித்தளத்தில் மோதித் திரும்பும் நீரின் அழுத்தமே தாங்குகிறது. தட்டையான அடித்தளம் இந்த வேலையை மிகச் சிக்கனமாகச் செய்யும். அதனால்தான் மீன்பிடிப் படகுகள் சிறிய இயந்திரத்துடனும் எழும்பி ஓடுகின்றன. அச்சுச் செய்தவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. ஆழமில்லாத எங்கள் பரவைக்கடலுக்கும், கையால் கரைக்கு இழுத்தேற்றுவதற்கும் அதுவே பொருத்தம்.

சிக்கல் அலையில்தான் தொடங்குகிறது. பாக்குநீரிணை ஆழம் குறைந்தது. காற்றெழுந்தால் அலை குறுகியதாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். 25 நொட்டில் தட்டையான அடித்தளம் அந்த அலைகளில் விழும்போது ஒவ்வொரு விழுகையும் பலகையால் அடிப்பது போல இருக்கும். சவிற்ஸ்கி என்பவர் சறுக்கும் படகுகளின் கணிப்பு முறையை 1964 இல் வெளியிட்டார். 1976 இல் பிரவுண் என்பவருடன் சேர்ந்து அலையில் ஏற்படும் அதிர்ச்சிக்கும் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, அடிச்சரிவு (அடித்தளம் நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் மேலேறும் கோணம்) 10 பாகையிலிருந்து 20 பாகையாகக் கூடினால் சராசரி அதிர்ச்சி கால்பங்கு குறையும். படகு ஓடும்போது அணியம் நிமிர்ந்திருக்கும் கோணம் 6 பாகையிலிருந்து 4 ஆகக் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். வேகத்தை 25 இலிருந்து 20 நொட்டாகக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும், ஏனெனில் அதிர்ச்சி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது.

ஆழமான வீ வடிவத்தை உலகம் ஏற்றுக்கொண்டதே இதற்காகத்தான். ரே ஹன்ற் வடிவமைத்த 31 அடி மரப் படகு 1960 இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த போட்டியில், கடும் கடலில், பெரிய படகுகளைப் பின்தள்ளி வென்றது. பின்பலகை (படகின் பின்புறச் சுவர்) வரை ஏறத்தாழ 24 பாகைச் சரிவைக் கொண்டுசென்றதே அதன் புதுமை. அதற்கு முந்திய படகுகளில் அணியத்தில் கூர்மையாக இருந்த அடி, பின்னே போகப் போகத் தட்டையாகிவிடும்.

அதற்காக 24 பாகையை நான் பரிந்துரைக்கவில்லை. அவ்வளவு சரிவு கூடுதல் வலுவைக் கேட்கும், நின்ற நிலையில் பக்கவாட்டில் உருளும், கூடுதல் ஆழமும் கேட்கும். இறங்குதுறையில் வயதானவர்கள் ஒரு பக்க விளிம்பில் காலை வைத்து ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பின்பலகையில் 16 முதல் 18 பாகை, அணியத்தில் நல்ல கூர்மை, இரு புறமும் கையகலத் தட்டையான விளிம்பு என்பதே உங்கள் வேலைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பழைய அச்சுக்காரர் எழுதியது:

பாகைக் கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் மண்ணில் படகு கட்டியவர்கள் எந்தச் சூத்திரத்தைப் படித்தார்கள் என்று கேட்க விரும்புகிறேன். வல்வெட்டித்துறையில் வரைபடம் இல்லாமல் கண்ணளவிலும் கையளவிலும் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எங்கள் ஆட்கள் ஓட்டிச் செல்ல, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. ஏரா என்ற அடிமரத்தை வைத்து, வங்கு என்ற விலாச்சட்டங்களை நிறுத்தி, பலகை சேர்க்கும்போது தலைமைத் தச்சரான மேத்திரியின் கண்ணே அளவுகோல். கண்ணாடியிழை வந்த பிறகு, காரைநகரில் சீநோர் படகுத்தளம் நடந்த காலத்தில், தொழில் பழகியவர்களின் கையில் வளர்ந்தவன் நான். நூற்றுக்கணக்கான படகுகள் என் கண்முன்னே அச்சிலிருந்து கழன்றிருக்கின்றன. கடலில் ஓடாத படகு என்று ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

வாடைக்காற்று எழுதியது:

ஐயா, அந்த மேத்திரிமாரின் கண்ணை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் அம்மம்மாவின் தகப்பனும் அந்த வேலை செய்தவர்தான். ஆனால் பாய்க்கப்பல் நீரைப் பிளந்து நீருக்குள் போகிறது; அதன் பக்கவாட்டில் அரை அங்குலம் கூடிக் குறைந்தால் கடல் அதை மன்னித்துவிடும். சறுக்கும் படகோ எடையின் பெரும்பகுதியை அடித்தளத்தின் பின்பகுதியில் வைத்து ஓடுகிறது. அங்கே மூன்று மில்லிமீற்றர் பிழைத்தாலும் படகின் குணம் மாறிவிடும். கண் ஏமாறுகிற அளவு அது. ஓடாத படகு இல்லை என்றீர்கள். தலையாட்டி ஓடிய படகுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய அச்சுக்காரர் எழுதியது:

கண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதால் ஒன்றை எழுதுகிறேன். இதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், பெயரைச் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில் நான் அச்சு வேலைக்குப் பொறுப்பாக இருந்தேன். அப்போது கட்டளைகள் குவிந்திருந்தன. முதல் நாள் பின்னேரம் கடைசிக் கண்ணாடியிழைப் பாயை ஒட்டினால், மறுநாள் மதியம் உடலைக் கழற்றி, இரண்டு பனங்குற்றிகளின் மேல் ஏற்றிவிட்டு அடுத்த படகுக்கு மெழுகு பூசத் தொடங்கிவிடுவோம். தொட்டுப் பார்த்தால், இழையை இறுக்கும் றெசின் கல்லாகத்தான் இருக்கும். தட்டினால் ஓசையும் வரும். ஆனால் உள்ளே அது இன்னும் பச்சையாகவே இருந்தது. நெடுவளைகளும் (உள்ளே அடியில் நீளவாக்கில் ஒட்டும் தாங்குசட்டங்கள்) குறுக்குத் தடுப்புகளும் அச்சுக்குள் இருக்கும்போதே வைக்கப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் குற்றியில் ஏற்றிய பிறகே வைத்தோம். பின் குற்றி, பின்பலகையிலிருந்து நாலரை அடி முன்னே இருந்தது.

அந்தப் படகு கடலில் இறங்கிய நாளில் உரிமையாளர் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். ஒரு வாரத்துக்குப் பின் திரும்பி வந்து, வேகம் கூட்டினால் அணியம் அமிழ்கிறது, அலை பின்னாலிருந்து வந்தால் படகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பப் பார்க்கிறது என்றார். நான் இயந்திரத்தின் கோணத்தைக் குறை சொன்னேன். அவர் கோணத்தை மாற்றினார், பயனில்லை. கடைசியில் படகைக் கவிழ்த்துப் போட்டு, யன்னல் செய்கிறவரிடம் வாங்கிய ஆறடி அலுமினியச் சட்டத்தை அடித்தளத்தில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தோம். பின்பலகைக்கு இரண்டடி முன்னே, சட்டத்துக்கும் அடிக்கும் இடையில் என் சின்ன விரல் நகம் போனது. குற்றி தாங்கிய இடம் மேலே அமுங்கி, அதற்குப் பின்னால் இருந்த பகுதி கீழே தொங்கி, அப்படியே இறுகிவிட்டது. ஆறு மில்லிமீற்றர் இருக்கும். அந்தக் குழிவு பின்புறத்தைத் தூக்கி அணியத்தைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறது. புடைத்திருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும். பின்புறத்தை நீர் உறிஞ்சிக் கீழிழுக்க, படகு ஓங்கில் மீன் போலத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கும்.

அந்த மனிதரிடம் நான் பிழையை ஒப்புக்கொண்டேனா என்றால், இல்லை. சரிசெய்து கொடுத்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஆகவே தம்பி தீவுப்பயணிக்கு என் சொல் இதுதான்: எந்த அச்சில் வார்த்தாலும், பின்பலகையிலிருந்து முன்னே ஐந்தடி, நீளவாக்கில் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். உடல் அச்சுக்குள் குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும். நெடுவளைகளையும் குறுக்குத் தடுப்புகளையும் ஒட்டிய பிறகே கழற்றச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. இதோடு விளிம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அடித்தளமும் பக்கச்சுவரும் சந்திக்கும் மூலையும், அடித்தளம் பின்பலகையைச் சந்திக்கும் மூலையும் கத்தி போலக் கூர்மையாக இருந்தால்தான் நீர் அங்கே அறுந்து விலகும். உருண்டையாக இருந்தால் நீர் மூலையைச் சுற்றிக்கொண்டு ஏறிப் படகை இழுக்கும். ஆனால் கூர்மையான மூலைக்குள் இழைப்பாய் மடியாது, காற்றுக் குமிழி நிற்கும் என்பதால் அச்சுச் செய்கிறவர்கள் அதை உருட்டிவிடுகிறார்கள். வார்த்தபின் அரைத்த இழை கலந்த பசையால் மூலையைக் கட்டி, உளி பிடித்தாற்போல் தேய்த்தெடுப்பது ஒரு நாள் வேலைதான்.

இளங்கடல் எழுதியது:

நான் பொறியியல் படிக்கும் மாணவன். இந்த உரையாடலில் படி வைத்த அடித்தளங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வியக்கிறேன். இன்றைய போட்டிப் படகுகளில் பல, அடியில் ஒன்றிரண்டு குறுக்குப் படிகளைக் கொண்டவை. படிக்குப் பின்னால் காற்றுப் புகுந்து நனையும் பரப்பைக் குறைப்பதால், அதே இயந்திரத்தில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. கென் வோபி என்ற அவுஸ்திரேலியர் தம் வீட்டு முற்றத்தில் மரத்தாலும் கண்ணாடியிழையாலும் கட்டிய தாரை (ஜெட்) இயந்திரப் படகில் 1978 ஒக்ரோபர் 8 இல் மணிக்கு 511 கிலோமீற்றர் ஓடினார். அந்த நீர்வேகச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. வீட்டு முற்றத்தில் அது முடியுமென்றால், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் நாம் ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்?

வாடைக்காற்று எழுதியது:

ஆர்வம் நல்லது, தம்பி. படி வைக்கும் எண்ணத்தை ராமுஸ் என்ற பாதிரியார் 1872 இலேயே பிரித்தானியக் கடற்படைக்கு எழுதிவிட்டார். அன்று அதற்கேற்ற இலேசான இயந்திரம் இல்லை. முதலாம் உலகப் போரில் தோர்ணிகுரொவ்ற் நிறுவனம் கட்டிய 40 அடிக் கடலோர மோட்டார்ப் படகுகளில் அது வேலைக்கு வந்தது. ஆனால் படியின் காற்றுவழி திருப்பத்தில் அடைபட்டால் அந்தப் பக்கம் திடீரென்று நீரைப் பற்றிக்கொள்ள, படகு பின்புறமாகச் சுழன்றுவிடும். பழகிய ஓட்டுநருக்கே அது ஆபத்து. இரவில் நோயாளியோடு போகிறவருக்கு வேண்டாம். வோபி ஓடியது கண்ணாடி போலக் கிடந்த அணைக்கட்டு நீரில். அவருடைய சாதனையை முறியடிக்க முயன்ற இருவர், 1980 இலும் 1989 இலும், உயிரையே விட்டார்கள்.

எஞ்சின் திருத்துநர் எழுதியது:

பேச்சு அடித்தளத்திலேயே நிற்பதால் பின்பலகைக்கு வருகிறேன். 115 குதிரை வலு இயந்திரங்கள் பெரும்பாலும் 20 அங்குலத் தண்டோடு, அல்லது அதைவிட நீளமாக வரும். மீன்பிடி அச்சுகள் சில 15 அங்குலத் தண்டுக்கானவை. வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். படகைத் தள்ளும் விசிறிக்கு மேலே உள்ள தட்டையான தகடு, அடித்தளத்தின் மட்டத்தில் அல்லது ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இயந்திரத்தின் கால் நீரை இழுக்கும். மிக மேலே போனால் அலையில் விசிறி காற்றை விழுங்கி இயந்திரம் அலறும். பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகையில் ஆணித்துளை வழியாக நீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சோறாகிவிடும்; ஒவ்வொரு துளையையும் றெசினால் அடைத்தபின் மறுபடி துளைக்கச் சொல்லுங்கள்.

விசிறியின் கணக்கும் எளிது. நிமிடத்துக்கு 5500 சுற்று, பல்லிணை இரண்டுக்கு ஒன்று என்றால் விசிறி 2750 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 15 அங்குலம் முன்னேறும் விசிறி, நழுவாமல் போனால் 34 நொட் போக வேண்டும். நீரில் ஐந்தில் ஒரு பங்கு நழுவும், மீதி 27. முழு விசையில் 5500 சுற்று வராவிட்டால் விசிறி பெரிது, அல்லது படகு பாரம்.

எரிபொருளையும் மறக்க வேண்டாம். நான்கு வீச்சு இயந்திரம் முழு விசையில் மணித்தியாலத்துக்கு 40 லீற்றருக்கு மேல் பெற்றோல் குடிக்கும். எங்கள் ஆட்கள் சின்ன இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள். 2022 ஓகஸ்டில் அதுவே ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது எத்தனை படகுகள் கரையில் கிடந்தன என்பது நினைவிருக்கும். உங்கள் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஆகாது. கடைசியாக, ஓட்டுநரின் கையிலோ இடுப்பிலோ கட்டும், அவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் நிறுத்துக் கயிறு. அதைக் கழற்றி இயந்திரத்திலேயே சுற்றிவைக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். 25 நொட்டில் ஓட்டுநர் விழுந்தால் படகு வட்டமிட்டு அவர் மேலேயே திரும்பி வரும்.

தீவுப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனரையும் ஆறடி அலுமினியச் சட்டத்தையும் கூட்டிக்கொண்டு படகு வார்க்கும் இடத்துக்குப் போனேன். கைப்பேசியின் கோணமானியை அச்சுக்குள் வைத்துப் பார்த்ததில் பின்பலகையில் அடிச்சரிவு 9 பாகை. அச்சின் அடியில் சட்டத்தை வைத்தபோது அது நடுவில் தொட்டு இரு முனையிலும் ஆடியது. முனைகளில் சேர்த்துப் பார்த்தால் நான்கு மில்லிமீற்றர். அங்கிருந்த பெரியவர் முதலில் கோபித்தார், பிறகு தானும் குனிந்து பார்த்தார், பிறகு தேநீர் வரவழைத்தார். ஊர்காவற்றுறைப் பக்கம் ஒருவரிடம் 22 அடி அச்சு இருப்பதாகவும், அது கூர்மையான அடி கொண்டது என்றும் அவரே சொன்னார். அதையும் போய் அளந்தேன்: 18 பாகை, சட்டம் எங்கும் ஆடவில்லை. ஆனால் இரண்டடி குறைவு. நோயாளியைக் கிடத்தினால் ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேருக்கு மேல் உட்கார இடமில்லை. இப்போது எதைச் செய்வது?

வாடைக்காற்று எழுதியது:

9 பாகையிலிருந்து 18 பாகைக்குப் போனால் அதிர்ச்சி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அகலமும் சற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் 22 அடி.

பழைய அச்சுக்காரர் எழுதியது:

எனக்கும் 22 அடிதான் சரியாகப் படுகிறது. ஆனால் மைத்துனருக்கு இருக்கை எண்ணிக்கையே முக்கியம் என்றால், 24 அடி அச்சையும் அடியோடு தள்ள வேண்டியதில்லை. அச்சு நடுவில் மேடாக இருந்தால் அதில் வார்க்கும் படகின் அடி வெளியிலிருந்து பார்க்கக் குழிந்திருக்கும். குழிவை நிரப்பலாம், புடைப்பாக இருந்திருந்தால் அரைக்க வேண்டும், அரைத்தால் இழை அறுந்துவிடும். உடலைக் கவிழ்த்து, மேற்பூச்சைச் சுரண்டி, சட்டத்தை வைத்து வைத்துப் பசையால் நிரப்பி, மேலே ஒரு மெல்லிய இழைப்பாயால் மூடிப் பூசலாம். அடி நேராகிவிடும். 9 பாகை 9 பாகையாகவே இருக்கும். சோளகக் காலத்தில் 15 நொட்டுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கும். நோயாளியின் தலைமாட்டைப் படகின் பின் மூன்றிலொரு பங்குக்குள் வையுங்கள். அங்கேதான் அடி குறைவாக விழும்.

நிரப்பும் வேலைக்கு ஆள் தேவையென்றால் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள், தம்பி. கூலி பேச வேண்டாம். பசைக்கும் இழைக்கும் காசு தந்தால் போதும்.

தீவுப்பயணி எழுதியது:

ஐயா, மைத்துனர் 22 அடிக்கு ஒத்துக்கொண்டார். ஆனாலும் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். கழற்றும் நாளில் நீங்கள் சட்டத்தோடு வந்து நிற்க வேண்டும்.